இரவல் நரம்பு

வீதியில் மூன்று கால்களால் ஓடும் நாயை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். ஏதாவதொரு மோட்டார் வண்டி இடித்துவிட்டுப் போயிருக்கும். முன்னங்கால்களில் ஒன்று துணிப் பொம்மையின் கால்போலத் தொங்கும். பாதம் உள்ளே மடங்கி, அதன் மேற்புறம் தரையில் உராய்ந்து புண்ணாகியிருக்கும். "பாவம், எலும்பு முறிந்துவிட்டது!" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

ஆனால், மிருக வைத்தியர் அந்தக் காலைத் தடவிப் பார்க்கும்போது, பல சமயங்களில் எலும்பு முழுசாகவே இருக்கும். தசை இருக்கிறது, தோல் இருக்கிறது, இரத்தமும் ஓடுகிறது. இருந்தும் கால் செத்துக் கிடக்கிறது. காரணம் என்ன? காலுக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பு அறுந்துவிட்டது. கால் கெடவில்லை, காலுக்கு வரும் வழிதான் கெட்டுவிட்டது.

அறுந்த அந்த வழிக்குப் பதிலாக, வேறொரு நரம்பை இரவல் வாங்கிக் காலை மறுபடியும் நடக்கச் செய்ய முடியுமா? முடியும் என்கிறது ரண வைத்திய சாஸ்திரம். இதைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு உதவியவை ஒரு சேவலும், பல முயல்களும், எலிகளும், குரங்குகளும். அவற்றின் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

வாய்க்காலும் வயலும்

நம்மவர்கள் பேச்சில் நரம்பு என்பது எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர். புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரையும் நரம்பு என்கிறோம். நான் இங்கே சொல்லும் நரம்பு இவையல்ல. மூளையிலிருந்தும் முதுகுத் தண்டிலிருந்தும் கிளம்பி, வெள்ளை நூல்போல உடலெங்கும் ஓடும் நரம்பையே சொல்கிறேன். ஒவ்வொரு நூலிலும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான இழைகள் உண்டு. சில இழைகள் மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகின்றன. சில இழைகள் சூட்டையும் வலியையும் மூளைக்குக் கொண்டுவருகின்றன.

ஏரியிலிருந்து வயலுக்குப் போகும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகுத் தண்டு ஏரி, நரம்பு வாய்க்கால், தசை வயல். வாய்க்கால் எங்கே உடைந்தாலும் அதற்குக் கீழேயுள்ள வயல் காய்ந்துபோகும்.

உடைப்பும் எல்லாம் ஒரே மாதிரியல்ல. ஸெட்டன் என்ற ஆங்கில ரண வைத்தியர் 1943-ஆம் வருஷத்தில் நரம்புக் காயங்களை மூன்று தரமாகப் பிரித்தார். முதல் தரத்தில் நரம்பு நசுங்கி, வேலை நிறுத்தம் செய்கிறது, அவ்வளவுதான். சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானே எழுந்துவிடும். இரண்டாவது தரத்தில் உள் இழைகள் அறுந்துவிடுகின்றன. ஆனால் மேலுறை அறுபடவில்லை. அந்த உறைக்குள்ளேயே புது இழை வளர்ந்து போய்ச் சேர்ந்துவிடும். மூன்றாவது தரத்தில் நரம்பே துண்டாகிவிடுகிறது. இதற்குக் கத்தியும் ஊசியும் வேண்டும்.

நாளுக்கு எவ்வளவு தூரம்?

அறுந்த நரம்பு வளரும் என்பது நல்ல செய்தி. எவ்வளவு வேகமாக வளரும் என்பதுதான் கவலைக்குரிய செய்தி.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது, கை கால்களில் குண்டடி பட்டு நரம்பறுந்த சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். அப்போது ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் சில விஞ்ஞானிகள் முயல்களின் கால் நரம்பை ஆராய்ந்தார்கள். நரம்பு வளரும் வேகத்தைக் கணக்கிட்டு அவர்கள் 1942-இல் கட்டுரை வெளியிட்டார்கள். முயலின் நரம்பு நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் வளர்ந்தது.

அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் இருவரை இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவர் பீட்டர் மெடவார். வேறோர் ஆராய்ச்சிக்காக 1960-இல் நோபெல் பரிசு பெற்றவர். மற்றவர் லுட்விக் குட்மன். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939-இல் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்கு வந்த யூத வைத்தியர். அவர் 1948-இல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில், சக்கர நாற்காலியில் இருந்த நோயாளிகளுக்கு வில்வித்தைப் போட்டி ஒன்று நடத்தினார். உலகமெங்கும் இன்று பெயர் பெற்றிருக்கும் பாராலிம்பிக் பந்தயங்களுக்கு அதுதான் வித்து.

முயலைவிட மனிதனின் நரம்பு மெதுவாகவே வளர்கிறது. நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதாவது ஓர் அங்குலம் போக 25 நாட்கள் வேண்டும். கழுத்தருகே அறுந்த நரம்பு விரல் வரையில் வளர்ந்து போக இரண்டு வருஷங்கள் ஆகிவிடும். தசையோ அதுவரையில் காத்திராது. ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை வருஷம், நரம்பின் தொடர்பு இல்லாமல் கிடந்தால் தசை மெலிந்து நாராகிவிடும். அப்புறம் நரம்பு வந்து சேர்ந்தும் பிரயோஜனமில்லை. பயிர் கருகிய பிறகு தண்ணீர் வந்து என்ன லாபம்?

இதைவிட மோசமான காயம் ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டு ஒருவன் தோள் அடிபட விழுகிறான். கழுத்து ஒரு பக்கமும் தோள் மறு பக்கமுமாக இழுபடுகின்றன. கைக்குப் போகும் நரம்புகள் முதுகுத் தண்டிலிருந்தே வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகின்றன. வண்டி மோதிய நாய்க்கும் அநேகமாக நேர்வது இதுதான். இரண்டு முனைகளைச் சேர்த்துத் தைக்கலாமென்றால், இங்கே மேல் முனையே இல்லை. ஏரிக்கரையில் மதகே போய்விட்டது.

அப்போது செய்யக்கூடிய காரியம் ஒன்றுதான்: காய்ந்த வயலுக்கு அருகில் வேறொரு வாய்க்கால் ஓடினால், அதிலிருந்து ஒரு கிளை வெட்டி விடுவது. வேலை செய்துகொண்டிருக்கும் நரம்பு ஒன்றின் கிளையை அறுத்து, செயலற்ற நரம்பின் கீழ் முனையோடு, தசைக்கு மிக அருகில், சேர்த்துத் தைக்கிறார்கள். தூரம் குறைகிறது, காலமும் மிச்சமாகிறது. நரம்பு மாற்றுச் சிகிச்சை என்பது இதுவே.

பாரிஸ் நகரத்துச் சேவல்

சொல்ல எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய கேள்வி எழுகிறது. இரவல் வாங்கிய நரம்பு இதுவரையில் வேறொரு தசைக்கல்லவா கட்டளை கொண்டுபோயிற்று? மூளை அதன் வழியாகப் பழைய கட்டளையையே அனுப்பும். புதிய தசை அதைக் கேட்டு என்ன செய்யும்? தபால்காரனின் பையை மாற்றிவிட்டால், கடிதம் சரியான வீட்டுக்குப் போகுமா?

இதை முதலில் சோதித்துப் பார்த்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி ப்ளூரான்ஸ். 1828-ஆம் வருஷத்தில் அவர் தம் சோதனையை வெளியிட்டார். ஒரு சேவலின் இறக்கையில், மேல் பகுதிக்குப் போகும் நரம்பையும் கீழ்ப் பகுதிக்குப் போகும் நரம்பையும் அறுத்து, ஒன்றின் முனையை மற்றொன்றின் முனையோடு மாற்றிச் சேர்த்தார். சில மாதங்களில் சேவல் இறக்கையை மறுபடியும் பயன்படுத்தத் தொடங்கிற்று. அதைப் பார்த்த வைத்திய உலகம், "மூளைக்கு எந்த வழியைக் கொடுத்தாலும் அது கற்றுக்கொண்டுவிடும்" என்று தீர்மானித்துவிட்டது. ஏறக்குறைய நூறு வருஷங்கள் அந்த நம்பிக்கை அசையவில்லை.

அந்தச் சேவலுக்கு மயக்க மருந்து கிடையாது. மனிதனுக்கே அப்போது கிடையாது. ஈதர் மருந்தைக் கொடுத்து வலியில்லாமல் ரண சிகிச்சை செய்யலாம் என்று பாஸ்டன் நகரில் பகிரங்கமாகக் காட்டியது 1846-இல்தான். மறு வருஷம், குளோரோபாரம் பிராணிகளை மயக்கும் என்பதைப் பாரிஸ் விஞ்ஞான சபையில் அறிவித்தவர் யார் தெரியுமா? இதே ப்ளூரான்ஸ்தான்.

குருவை மறுத்த சிஷ்யன்

இந்த நூற்றாண்டு நம்பிக்கையை உடைத்தவர் ரோஜர் ஸ்பெரி என்ற அமெரிக்க இளைஞர். சிகாகோ சர்வகலாசாலையில் பால் வைஸ் என்ற பேராசிரியரிடம் அவர் மாணவராக இருந்தார். வைஸ் பெரிய மேதை. நீர்ப்பல்லிகளுக்கு அதிகப்படியாக ஒரு காலை ஒட்ட வைத்து, அது பக்கத்துக் காலோடு சேர்ந்தாற்போல அசைவதைக் கண்டவர். எந்த நரம்பு எந்தத் தசைக்குப் போனாலும் பரவாயில்லை, தசையே நரம்புக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் என்பது அவர் கொள்கை.

சிஷ்யர் எலிகளை எடுத்துக்கொண்டார். எலியின் பின்னங்காலில் பாதத்தை உயர்த்தும் தசைக்கு ஒரு நரம்பும், தாழ்த்தும் தசைக்கு ஒரு நரம்பும் போகின்றன. ஸ்பெரி இவ்விரண்டையும் மாற்றிச் சேர்த்தார். நரம்புகள் வளர்ந்து தசைகளுக்கு உயிர் வந்தது. ஆனால் நடை தலைகீழாயிற்று. எலி பாதத்தைத் தூக்க நினைக்கும்போது பாதம் தாழ்ந்தது. ஊன்ற நினைக்கும்போது உயர்ந்தது. மாதக்கணக்கில் பழக்கியும் எலி அதைத் திருத்திக்கொள்ளவேயில்லை. 1941-இல் இந்த முடிவு வெளிவந்தது.

இன்னொரு சோதனை மனத்தை உருக்குவது. ஒரு பின்னங்காலின் உணர்ச்சி நரம்பைக் கொண்டுபோய் மறு காலில் சேர்த்தார். அப்புறம் அந்த எலிக்கு வலது பாதத்தில் சுரீரென்று பட்டால், அது இடது பாதத்தை வெடுக்கென்று தூக்கிக்கொண்டது. வலது பாதத்தில் புண் ஏற்பட்டபோது, நல்ல பாதத்தைத் தூக்கிக்கொண்டு, புண்பட்ட பாதத்தை ஊன்றி நொண்டி நடந்தது! வலி எங்கே இருக்கிறதென்று அதற்குச் சொல்பவர் யார்? காலம் முழுவதும் பழைய விலாசத்தையே அதன் மூளை நம்பிக்கொண்டிருந்தது.

குருவின் கொள்கையைச் சிஷ்யன் தன் கைவேலையால் மறுத்த கதை இது. வகுப்பில் பாடம் சொல்லும் என் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான கதைதான். ஆயினும், நல்ல ஆசிரியன் ஒருவன் விரும்பத்தக்க தோல்வியும் இதுவே அல்லவா? ஸ்பெரி பின்னால் மூளையின் இரு பாதிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1981-இல் நோபெல் பரிசு பெற்றார்.

எலியோடு அவர் நிற்கவில்லை. குரங்கின் கையிலும் எதிரெதிர் வேலை செய்யும் தசைகளின் நரம்புகளை மாற்றிப் பார்த்தார். குரங்கும் முதலில் தலைகீழாகவே அசைத்தது. ஆனால் அது எலியல்ல. போகப் போக, தட்டுத் தடுமாறி, ஓரளவு திருத்திக்கொண்டது. ஆக, கற்கும் சக்தி மூளைக்கு மூளை வேறுபடுகிறது. மேலே போகப் போக வளர்கிறது என்பது புலனாயிற்று.

மூச்சை இழுத்தால் முழங்கை மடங்கும்

அப்படியானால் மனிதனுடைய மூளை? அதன் ஆற்றல் வைத்தியர்களையே வியக்க வைத்தது.

விலா எலும்புகளுக்கிடையே ஓடும் நரம்புகள் மூச்சு விடுவதற்கு உதவுகின்றன. அவற்றில் இரண்டு மூன்றை எடுத்து, முழங்கையை மடக்கும் தசைக்குச் சேர்க்கும் முறையை ஸெட்டன் முதலானோர் 1960-களில் கையாண்டார்கள். முதலில் நோயாளி என்ன முயன்றாலும் கை மடங்காது. ஆழ்ந்து மூச்சை இழுத்தால் மடங்கும்; இருமினால் மடங்கும்! சோற்றை வாய்க்குக் கொண்டுபோக அவன் பிராணாயாமம் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல, மூச்சின் உதவியில்லாமலே, நினைத்த மாத்திரத்தில் கை மடங்க ஆரம்பிக்கும். விலாவுக்குச் சொந்தமாக இருந்த நரம்பைக் கைக்கென்று மூளை பட்டா மாற்றிக் கொடுத்துவிடுகிறது.

பிரெஞ்சு வைத்தியர் ஓபர்லின் 1994-இல் இன்னும் சாமர்த்தியமான வழியொன்றை வெளியிட்டார். சுண்டு விரல் பக்கமாகக் கையில் ஓடும் பெரிய நரம்பு பத்திரமாக இருக்குமானால், அதிலிருந்து ஓரிரு இழைக்கட்டுகளை மாத்திரம் பிரித்தெடுத்து, மேற்கைத் தசையின் நரம்போடு அங்கேயே தைத்துவிடுவது. கொடுத்த நரம்புக்கு நஷ்டம் அநேகமாகத் தெரிவதில்லை. வாங்கிய தசைக்கோ சில மாதங்களிலேயே உயிர் வந்துவிடுகிறது.

சீன தேசத்தில் ஷாங்காய் நகர வைத்தியர் கூ யூடோங் 1986-இல் அதைவிடத் துணிவான காரியம் செய்தார். அடிபட்ட பக்கத்தில் கடன் கொடுக்க நரம்பே இல்லாதபோது, மறுபக்கத்து நல்ல கைக்குப் போகும் ஏழாவது கழுத்து நரம்பை எடுத்துக் குறுக்கே கொண்டுவந்து சேர்த்தார். நல்ல கை அதனால் முடமாகிவிடவில்லை. அதன் வேலையை அக்கம்பக்கத்து நரம்புகள் பகிர்ந்துகொண்டன. ஷாங்காய் வைத்தியர்கள் இதே முறையை, மூளைச் சேதத்தால் ஒரு கை விறைத்துப்போய் ஐந்து வருஷங்களுக்கு மேலாகியும் குணமடையாத நோயாளிகளிடம் கையாண்டு, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகள் 36 பேர்; பாதிப் பேருக்கு ரண சிகிச்சையோடு கைப் பயிற்சி; பாதிப் பேருக்குப் பயிற்சி மாத்திரம். ஒரு வருஷம் கழித்து, 66 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் முதல் கூட்டத்தார் சராசரி 17.7 புள்ளிகள் முன்னேறினார்கள், மற்றவர்கள் 2.6 புள்ளிகளே முன்னேறினார்கள்.

இரவல் வாங்க நான்கு விதிகள்

இந்த அநுபவங்களிலிருந்து நான்கு விதிகள் பிறந்திருக்கின்றன. முதலாவது, கொடுப்பவன் வறியவனாகிவிடக் கூடாது. அதாவது, இழந்தாலும் பெரிய குறை உண்டாகாத நரம்பையே எடுக்க வேண்டும். இரண்டாவது, வாங்கப்போவது அண்டை வீட்டில் இருக்கட்டும். தசைக்கு எவ்வளவு அருகில் கிடைக்குமோ அவ்வளவு நல்லது. மூன்றாவது, அசைவுக்கு அசைவு நரம்பு, உணர்ச்சிக்கு உணர்ச்சி நரம்பு. நான்காவது, கூடி வேலை செய்கிறவர்களிடையேதான் கொடுக்கல் வாங்கல் இருக்க வேண்டும். ஒன்றையொன்று எதிர்க்கும் தசைகளின் நரம்புகளை மாற்றினால் என்ன நேரும் என்பதை ஸ்பெரியின் எலிகள் காட்டிவிட்டன. மூளை பாடம் கற்பது எளிதாகும்படி நரம்பைத் தேர்ந்தெடுப்பதே நல்ல ரண வைத்தியரின் திறமை.

எலியின் பேச்சை முழுவதும் நம்பிவிடுவதற்கும் இல்லை. சிறிய உடல், குறுகிய தூரம், வேகமாக வளரும் நரம்பு. எலிக்குச் சில வாரங்களில் கைகூடுவது மனிதனுக்குப் பல மாதங்களாகும். எலியில் வெற்றி கண்ட முறைகள் பல, மனிதனிடம் தோற்றதற்குக் காரணம் இதுதான்.

கடனைத் தீர்ப்பது எப்படி?

இனி, நாம் வீதியில் விட்டுவந்த நாயிடம் திரும்புவோம். சேவலும் முயலும் எலியும் குரங்கும் தந்த அறிவால் மனிதனின் கை மடங்குகிறது. பிராணிகளுக்கு அதில் பங்கு உண்டா?

குதிரைக்குக் கொஞ்சம் கிடைத்திருக்கிறது. அது காலில் அல்ல, குரல்வளையில். பந்தயக் குதிரைகளில் சிலவற்றுக்குக் குரல்வளையின் இடப் பக்கம் செயலற்றுப்போய், ஓடும்போது மூச்சு முட்டி, ஓர் உறுமல் சத்தம் கேட்கும். அந்தப் பக்கத்து நரம்பு நேரே தொண்டைக்கு வராமல், மார்புக்குள் இறங்கிப் பெரிய இரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது; குதிரையின் மிக நீண்ட நரம்புகளில் அது ஒன்று. அதற்குப் பதிலாகக் கழுத்தின் முதல் நரம்பிலிருந்து ஒரு கிளையை எடுத்துக் குரல்வளைத் தசையில் சேர்க்கிறார்கள். அந்த நரம்புக்குரிய கழுத்துத் தசை, குதிரை வேகமாக ஓடி மூச்சு வாங்கும்போது கூடவே வேலை செய்வது. நமது நான்காவது விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

நாயின் கதை வேறு. நாய்களிடம் நரம்பு மாற்றிப் பல சோதனைகள் நடந்திருக்கின்றன. ஆயினும் வீட்டு நாய்க்கு அடிபட்டால் இந்தச் சிகிச்சை கிடைப்பது மிக அபூர்வம். நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழே, தலைமயிரினும் மெல்லிய நூலால் தைக்கும் வைத்தியர் வேண்டும், பணம் வேண்டும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். "மூச்சை இழுத்துக் காலை மடக்கு" என்று நாயிடம் சொல்ல முடியாது. உணர்ச்சி திரும்பும்போது உண்டாகும் குறுகுறுப்பில் அது தன் பாதத்தைத் தானே கடித்துக்கொள்வதும் உண்டு. ஆகையால், நாளாகியும் குணம் தெரியாவிட்டால் காலையே எடுத்துவிடுகிறார்கள். இது கொடுமையல்ல, நாய் மூன்று கால்களில் சந்தோஷமாக வாழும். மாட்டுக்கும் குதிரைக்கும் அந்த வசதி இல்லை.

ஆயினும் நம்மால் ஆவது நிறைய இருக்கிறது. அடிபட்ட நாயின் கால் தொங்கினால், "இனி வராது" என்று அன்றே கைவிட வேண்டாம். முதல் தரத்துக் காயமானால் சில வாரங்களில் தானே குணமாகும். அதுவரையில் பாதத்துக்கு மெத்தென்ற கட்டுப் போட்டுப் புண்ணாகாமல் காக்க வேண்டும். மூட்டுக்கள் இறுகாதபடி தினமும் மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். மிருக வைத்தியரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும். நரம்பு விஷயத்தில் காலமே பாதி மருந்து. தொடையின் பின்புறம் பெரிய நரம்பு ஓடுகிறது. ஆகவே பழக்கமில்லாதவர்கள் பிராணிகளுக்குத் தாங்களே ஊசி போடத் துணியாதிருப்பதும் ஒரு தர்மம்.

சோதனைச் சாலையில் இருக்கும் பிராணிகளுக்கு நாம் செய்யவேண்டியது என்ன? சுதந்தர இந்தியா இந்தக் கேள்வியை அலட்சியம் செய்யவில்லை. ராஜ்ய சபையில் அங்கத்தினராக இருந்த ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களில் பிராணிகளுக்காக ஒரு தனி மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த முயற்சியைத் தொடர்ந்து, 1960-இல் சர்க்காரே பிராணி வதைத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. சோதனையை அது தடுக்கவில்லை. ஆனால் எல்லை வகுத்தது. மயக்க மருந்து கொடுத்து, வலியில்லாமல் செய்ய வேண்டும். சிறிய பிராணி போதுமானால் பெரிய பிராணியைத் தொடக் கூடாது. புத்தகமும் பொம்மையும் கொண்டு பாடம் சொல்ல முடியுமிடத்தில் பிராணியைக் கொண்டுவரவே கூடாது என்பவை அதன் சாரம்.

1828-இல் மயக்க மருந்தில்லாமல் அறுபட்ட அந்தச் சேவல் நம்மிடம் சம்மதம் கேட்கப்பட்டதல்ல. அதன் இறக்கையில் தொடங்கிய வித்தைதான் இன்று ஒரு தகப்பனின் கையைத் தன் குழந்தையைத் தூக்கச் செய்கிறது. நரம்பு மட்டுமா இரவல்? அறிவும் இரவல்தான். வாங்கியவர்கள் நாம், கொடுத்தவை வாயில்லாப் பிராணிகள். அடுத்த முறை மூன்று கால் நாய் ஒன்று நம் வாசலைக் கடந்து போகும்போது, அது யாசகனாக வரவில்லை, கடன் கொடுத்தவனாக வருகிறது என்று நினைத்துக்கொண்டால், ஒரு கவளம் சோறு போடவும், வைத்தியரிடம் கொண்டுபோகவும் நமக்குக் கை தானாக நீளும்.